நகம் சிக்கினால் கவனி

அன்பு மாப்பிள்ளைக்கு,

மணமேல்குடி போய்வந்த வழியில் சீமைக்கருவேல முள் உரசிக் கார்க் கதவெல்லாம் கோடு கோடாகிவிட்டது என்று அக்கா போனில் சொன்னாள். டச்சப் பெயின்ட் வாங்கி இன்றைக்கே பூசப் போகிறாயாமே. கொஞ்சம் பொறு. கீறல் எவ்வளவு ஆழம் என்று முதலில் பார்.

தகரத்தின் மேல் துரு தடுக்கும் பிரைமர், அதன்மேல் மேடுபள்ளம் மறைக்கும் இன்னொரு பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது சற்றுக் கூடுதல். அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான். நிறமோ தலைமுடியை விட மெல்லியது.

காரை நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவு. நம் பக்கத்துச் செம்புரான் தூசியோடு துணியைப் போட்டுத் தேய்த்தால் புதுக் கீறல்தான் விழும். காய்ந்ததும் கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டு. சிக்காமல் போனால் காயம் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தாலே போகும். முள் கீறலில் பெரும்பாலானவை இந்த வகைதான். பெயின்டே வேண்டாம்.

நகம் சிக்கினால், உன் காரில் எந்த வகைப் பூச்சு என்பது முக்கியமாகிறது. துகள் கலக்காத சாலிட் என்றால் நீயே செய்யலாம். பழைய அம்பாசிடர் போலச் சில சாலிட் பூச்சுகளில் கிளியர் கோட்டே இருக்காது; வெள்ளைத் துணியில் காம்பவுண்ட் தொட்டுத் தேய்த்தால் நிறம் ஒட்டி வரும், அதுதான் அடையாளம். மெட்டாலிக்கில் அலுமினியத் துகளும் பேர்லில் மைக்காத் துகளும் கலந்திருக்கும். தொழிற்சாலையில் ஸ்பிரே அடிக்கும்போது அவை ஒரு சீராகப் படிகின்றன. பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் தாறுமாறாகக் கிடந்து, வெயிலில் தனியாகத் தெரியும். அரிசி அளவுப் புள்ளிக்குப் பரவாயில்லை. நீளக் கீறலைப் பெயின்டரிடம் விட்டுவிடு. மேட் பூச்சில் காம்பவுண்டே ஆகாது, தேய்த்த இடம் பளபளத்து அப்படியே நின்றுவிடும்.

உன் பானட்டில் லாரி ஜல்லி தெறித்த புள்ளிகள் இருக்கின்றனவே, எனக்குக் கவலை அவற்றைப் பற்றித்தான். தகரம் தெரியும் இடத்தில் கோட்டைப்பட்டினம், மீமிசல் உப்புக்காற்று பட்டால் துரு சீக்கிரம் பிடித்து, பெயின்டுக்கு அடியிலேயே பரவி, கொப்புளமாகக் கிளம்பும். அப்புறம் டிங்கரிங், பட்டி என்று செலவு பெருகும்.

அந்தப் புள்ளிகளில், வாட்டர் பேப்பரைச் சிறு துண்டாக மடித்து, துருவை மட்டும் சுரண்டி எடு. சுற்றியுள்ள நல்ல பெயின்டைத் தொடாதே. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பல்குத்தும் குச்சி முனையில் பிரைமரைத் தொட்டுப் பள்ளத்துக்குள் வை. காய்ந்தபின் நிறம், மெல்லியதாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றையும் காயவிட்டு. கடைசியில் கிளியர், சுற்றுப்பரப்பை விட இம்மி மேடாக. ஒரு வாரம் கழித்து 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, மேட்டை மட்டும் தேய்த்துச் சமமாக்கு, பிறகு காம்பவுண்ட். அவசரப்பட்டு ஒரே தடவையில் தடிப்பாக வைத்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே கிடக்கும். உச்சிவெயிலில் தகரம் சுடும்போதும் வேண்டாம்.

ஹார்டனர் கலக்கும் டூ-கே கிளியரை நீ அடிக்கவே கூடாது. அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. பட்டறையில் உரிய மாஸ்க் இல்லாமல் பையன்கள் அதை அடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

பெயின்ட் வாங்கும்போது நிறத்தைப் பார், வெள்ளையிலேயே பல வெள்ளை உண்டு. கதவுத் தூணிலோ இன்ஜின் பக்கத்திலோ ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் பெரும்பாலும் பெயின்டின் குறியீடு இருக்கும். அதை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போ.

உன் மாமா