வரியின் அளவும் நாட்டின் வளமும்

வரியின்றி அரசு நடவாது. வரி மிகுமாயின் குடிகளின் முயற்சி தளரும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவினை அறிதல் எளிதன்று. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை இதனைப் பற்றியதே என்பது புறநானூறு பயின்றார்க்குத் தெரிந்ததாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினா ஒருமுறை நாடு முழுவதிலும், பின்னொருமுறை ஒரு மாநிலத்திலும் சோதிக்கப்பட்டது. அவ்விரண்டனையும் ஒப்புநோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாம்.

மக்களின் வாங்கும் ஆற்றலினும், பொருள்களை ஆக்கி வழங்குவோரின் ஊக்கமே செல்வப் பெருக்கிற்குச் சிறந்த காரணம் என்பார் உளர். அவர் கொள்கையே வழங்கற்பக்கப் பொருளியல் எனப்படுவது. வரியைக் குறைப்பின் உழைப்பும் சேமிப்பும் முதலீடும் பெருகும் என்பது அவர் துணிபு. ஆர்தர் லாபர் என்னும் அறிஞர் இதனை ஒரு வளைகோட்டால் விளக்கினார். வரி இல்லையாயின் அரசிற்கு வருவாயும் இல்லை. நூற்றுக்கு 100 வரியாயினும் வருவாய் இல்லை. முழுதும் இழப்பவன் உழையான் ஆகலின். இடையில் ஓரிடத்தில் வருவாய் உச்சியை அடையும். ஆனால் அவ்விடம் யாதென அக்கோடு காட்டுவதில்லை.

1981-இல் குடியரசுத் தலைவர் ரொனால்டு ரீகன் வரிக்குறைப்புச் சட்டம் ஒன்றில் கையொப்பமிட்டார். முதலீட்டு வருமானத்தின்மேல் நூற்றுக்கு 70 ஆக இருந்த உச்ச வரி 50 ஆயிற்று. 1982-இல் வேலையற்றோர் நூற்றுக்குப் பதின்மருக்கு மேலாயினர். எனினும் 1984-இல் நாட்டின் உற்பத்தி நூற்றுக்கு 7 அளவில் வளர்ந்தது. இவ்வளர்ச்சி முழுவதையும் வரிக்குறைப்பின் பயன் எனல் பொருந்தாது. விலையேற்றத்தை அடக்க மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் வட்டியை மிக உயர்த்தினார். விலையேற்றம் தணிந்தபின் வட்டியும் தணிந்தது. அதுவும் ஒரு பெருங்காரணமாம். மேலும், குறைத்த வரி தன் இழப்பைத் தானே ஈடுசெய்யவில்லை. படைச்செலவும் மிகுந்தமையால், 1980-இல் ஏறத்தாழ 90,000 கோடி டாலராக இருந்த அரசின் கடன் 1988-இல் 2,60,000 கோடியாயிற்று.

இனி, கான்சாஸ் மாநிலத்தை நோக்குவோம். 2012-இல் ஆளுநர் சாம் பிரௌன்பேக் அம்மாநிலத்தின் உச்ச வருமானவரியை நூற்றுக்கு 6.45-இலிருந்து 4.9 ஆகக் குறைக்கும் சட்டத்தை நிறைவேற்றுவித்தார். பலவகைச் சிறுதொழில்களின் இலாபத்திற்கு வரியே நீக்கப்பட்டது. எதிர்பார்த்த வளர்ச்சி வந்திலது, கருவூலமே வறண்டது. 2015-இல் சில பள்ளி மாவட்டங்கள் பணமின்மையால் பள்ளியாண்டைக் குறித்த நாட்கு முன்னரே முடித்துக்கொண்டன. 2017-இல் ஆளுநரின் மறுப்பையும் கடந்து, சட்டமன்றம் வரிகளை மீண்டும் உயர்த்தியது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? ஒரு சிறு கணக்கால் அதன் ஒரு பகுதி விளங்கும். முன்னதில், மிகுதியாக ஈட்டிய நூறு டாலரில் 30 மட்டும் பெற்றவன் பின்னர் 50 பெற்றான். அவன் பெறுவது மூன்றில் இரு பங்கு கூடிற்று. பின்னதிலோ, மாநில வரியை மட்டும் கருதின், 93.55 பெற்றவன் 95.10 பெற்றான், பெறுவது நூற்றுக்கு இரண்டுகூடக் கூடவில்லை. இத்துணைச் சிறு ஊதியத்திற்காகப் புதிதாக முயல்வோர் சிலரே. அரசோ தான் பெற்றுவந்த வருமானவரியில் ஒரு பகுதியை இழந்தது.

ஆகவே, வரியைக் குறைத்தல் நன்றோ தீதோ எனப் பொதுவாக வினவுதல் பயனற்றது. எவ்வளவிலிருந்து குறைக்கிறோம், குறைந்த வருவாய்க்கேற்பச் செலவு குறையுமா, குறையுமாயின் யாருடைய பங்கு குறையும் என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். கான்சாஸ் மாநிலத்தில் இவற்றிற்கு விடை காணாமல் தொடங்கிய சோதனையின் இழப்பில் ஒரு பங்கு, வரியே செலுத்தாத பள்ளிச் சிறார்மேல் விழுந்தது. நாளை வாக்களிக்கவும் வரி செலுத்தவும் இருக்கும் மாணவராகிய நாம் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.