சுவரெழுத்தும் ஆடுவோர் கருத்தும்

நூலைப் படித்தோர் அதுபற்றிக் கூறும் கருத்தைத் திறனாய்வு என்கிறோம். நாடகத்தைக் கண்டோர் கூறுவதையும் அவ்வாறே கொள்கிறோம். கணிப்பொறியில் ஆடுவோர் தம் ஆட்டத்தைப் பற்றிக் கூறுவதை மட்டும் இளையோரின் ஆரவாரம் என ஒதுக்கி விடுகிறோம். அவ்வொதுக்கம் முறைதானா என்னும் ஐயம் நமக்கு மாணவர் விடுதியில் எழுந்தது. ஒரு மாலை, திரையொன்றைச் சூழ்ந்து நின்ற ஆறேழு மாணவர்கள் ஒரு துப்பாக்கியின் வீச்சைப் பற்றி வாதிட்டுக் கொண்டிருந்தனர். ஒருவர் ஒரு காரணம் காட்டினார். மற்றொருவர் அதனை மறுத்தார். மூன்றாமவர் பழைய பதிப்போடு ஒப்பிட்டுத் தம் கொள்கையை நிறுவினார். உரையாசிரியர்கள் ஒருவரையொருவர் மறுத்துச் செல்லும் முறையை வகுப்பில் எவ்வளவு முயன்றும் நம்மால் இவ்வளவு தெளிவாக விளக்க இயன்றதில்லை.

அவர்கள் ஆடிக்கொண்டிருந்தது 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' என்னும் பழைய விளையாட்டு. அதனைப் பற்றி உலகெங்கும் ஆடுவோர் கூறிய கருத்துகளுள் சிலவற்றை, சிறப்பாக எழுத்தும் மொழியும் பற்றியவற்றை, ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

விளையாட்டின் இயல்பு

இவ்விளையாட்டை அமெரிக்காவின் இன்ஃபினிட்டி வார்டு நிறுவனம் உருவாக்க, ஆக்டிவிஷன் நிறுவனம் 2009 நவம்பர் 10ஆம் நாள் வெளியிட்டது. முதல் நாளிலேயே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஏறத்தாழ 47 லட்சம் படிகள் விற்றன. ஆடுபவர் தம் உருவத்தைத் தாம் காண்பதில்லை. தம் கைகளையும் அவை ஏந்திய படைக்கலத்தையும் எதிரே விரியும் களத்தையுமே காண்கிறார். இலக்கணத்தின் சொல்லால் கூறுவதாயின், இது தன்மையிடத்து நின்று ஆடும் ஆட்டம். 'அவன் சுட்டான்' என்பதற்கு இதில் இடமில்லை. 'நான் சுட்டேன்' என்பதே உண்டு. ஒரே களத்தில் 18 பேர் வரை இரு அணியாகப் பிரிந்து, வெவ்வேறு ஊர்களில் தத்தம் திரைமுன் அமர்ந்து பொருதலாம்.

நாமும் ஒருமுறை ஆடிப் பார்த்தோம். ஒரு நிமிடம் நிறைவதற்குள் மும்முறை வீழ்ந்தோம். வீழ்த்தியவர் யாரென ஒருமுறையும் கண்டிலோம். மாணவர்கள் மரியாதை கருதிச் சிரிப்பை அடக்கிக்கொண்டனர்.

ஆடுவோர் கருத்துகளுள் பெரும்பான்மையானவை நடுநிலை பற்றியவை. தாம் வீழாமல் தொடர்ந்து மூவரை வீழ்த்தினால் வேவு விமானம் கிட்டும். நால்வரை வீழ்த்தினால் வானிலிருந்து ஒரு பெட்டி இறங்கும். இருபத்தைவரை வீழ்த்தினால் அணுகுண்டே கைக்கு வந்து ஆட்டம் அத்துடன் முடியும். இடையில் கிடைத்த வானூர்தி கொன்றவர்களும் அவ்வெண்ணிக்கையில் சேர்ந்தனர். வென்றவனுக்கே மேலும் வெல்ல வழி திறக்கும் இவ்வேற்பாட்டைப் பலர் கண்டித்தனர். 2010இல் வேறொரு குழு உருவாக்கிய 'பிளாக் ஆப்ஸ்' என்னும் அடுத்த பதிப்பில், இவ்வாறு பரிசாய்ப் பெற்ற பொறிகள் வீழ்த்தியோர் எண்ணிக்கையில் சேரவில்லை. இரு கையிலும் ஏந்தும் '1887' என்னும் துப்பாக்கி, அண்மையில் மட்டுமே தாக்க வேண்டியது, நெடுந்தொலைவிலும் தாக்கிற்று. முறையீடு பெருகவே, நிறுவனம் அதன் வீச்சைத் திருத்தங்கள் வாயிலாகக் குறைத்தது. ஆடுவோர் கருத்துக்கு ஆற்றல் உண்டு என்பதற்கு இவை போதும்.

எனினும் எல்லாக் கருத்தும் வென்றதில்லை. 2007இல் வந்த முந்தைய பதிப்பில், கணிப்பொறியில் ஆடுவோர் தமக்கென சர்வர்களை அமர்த்தித் தாமே விதி வகுத்து, ஏமாற்றுவோரைத் தாமே வெளியேற்றி வந்தனர். அவரவர்க்கு ஒரு திண்ணை இருந்தது எனலாம். 2009 பதிப்பில் அவ்வுரிமை நீக்கப்பட்டது. ஆடுவோரை நிறுவனத்தின் பொறியே இணைத்து, அவர்களுள் ஒருவரது கணிப்பொறியைக் களத்தின் மையமாக்கிற்று. மையமானவருக்குத் தாமதம் இல்லை, ஏனையோருக்கு உண்டு. கண்ணிமைக்கும் நேரமே வெற்றி தோல்வியைத் தீர்க்கும் ஆட்டத்தில் இது சிறு குறையன்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முறையீட்டில் கையொப்பமிட்டனர், பயனில்லை. 'வாங்க மாட்டோம்' எனச் சூளுரைத்த குழுவினருள் பலர், விளையாட்டு வெளியானவுடன் அதையே ஆடிக்கொண்டிருந்ததைக் காட்டும் படம் ஒன்று அந்நாளில் உலகெங்கும் நகைப்புடன் பரவியது. நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. விரும்பும் ஒன்றைக் கண்டிப்பவர் நிலை எப்பொழுதும் இத்தகையதே.

கராச்சித் தெரு

இனி நம் கருத்தைப் பெரிதும் ஈர்த்த செய்திக்கு வருவோம். இவ்விளையாட்டின் களங்களுள் ஒன்று கராச்சி. பாகிஸ்தானின் மிகப்பெரிய நகரமான அதன் குறுந்தெருக்களும் மாடிகளும் கடைகளும் திரையில் வரையப்பட்டுள்ளன. கடைப் பலகைகளிலும் சுவர்களிலும் எழுத்துகள் உள்ளன. அவை அரபு மொழியில் உள்ளன.

பாகிஸ்தானைச் சேர்ந்தோரும் அம்மொழிகளை அறிந்தோரும் உடனே இதனைச் சுட்டிக்காட்டினர். கராச்சியின் பலகைகளில் உருது இருக்கும்; சிந்தியும் இருக்கும்; ஆங்கிலமும் இருக்கும். அரபு, பள்ளிவாசலிலும் மதரசாவிலும் உண்டு; பழுது பார்க்கும் கடையிலும் மருந்துக் கடையிலும் அது எங்ஙனம் வந்தது? இவ்வினாவுக்கு வேறு ஆடுநர் அளித்த விடை, 'ஓடிக்கொண்டே சுடும்போது பலகையை யார் படிக்கப் போகிறார்கள்' என்பது. இவ்விடையைச் சற்று நிறுத்தி நோக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்க்கு எழுத்து ஒரு கோலம். தெரிந்தவர்க்கு அது பேச்சு. எத்துணை விரைந்து ஓடினும் காதில் விழும் பேச்சை விழவில்லை என்று சொல்ல இயலாது.

உருது, அரபு எழுத்திலிருந்து கிளைத்த வரிவடிவத்தில் எழுதப்படுவது உண்மை. ஆயினும் எழுத்து ஒன்றாயின் மொழியும் ஒன்றாகி விடாது. அரபியில் 'ப' இல்லை. 'ச்ச' என்னும் வல்லொலி இல்லை. 'ட' முதலிய நாமடி ஒலிகள் இல்லை. உருது இவற்றுக்கெனப் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துகளைப் படைத்துக்கொண்டது. அரபியர் 'பாகிஸ்தான்' என எழுத வேண்டின், 'ப' இன்மையால், ஆங்கிலத்தார் 'பந்து' என்பதன் முதலொலியை எழுதப் பயன்படுத்தும் எழுத்துக்கு ஒப்பான 'பே'யை இட்டே எழுதுவர். 'கராச்சி'யின் 'ச்சி'க்கோ 'தா', 'ஷீன்' என்னும் இரண்டெழுத்துகளை அடுக்குவர். நாட்டின் பெயர், நகரின் பெயர் இரண்டையுமே அந்நாட்டார் ஒலிக்கும் வண்ணம் தன் எழுத்தில் எழுதவியலாத ஒரு மொழியை அந்நகரின் கடைத்தெரு முழுவதும் எழுதி வைத்துள்ளனர்! நகரத்தை வரைந்தவர் கையில் 'முஸ்லிம் ஊர்' என்னும் ஒரே படம் இருந்திருக்க வேண்டும். அப்படத்துக்கு மொழி ஒன்றே.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இது புதிதன்று. தொடர்வண்டியில் அருகமர்ந்தவர் நம் பெயரைக் கேட்டபின், 'வீட்டில் உருதுதானே பேசுவீர்கள்' என வினவாத பயணம் குறைவு. 'தமிழ்தான்' என்றால், 'அதெப்படி' என்பார். தமிழ் கற்பிப்பவர் என்றும் சேர்த்துச் சொன்னால் ஒரு நிலையம் கடக்கும்வரை நம்மையே நோக்குவார். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதியதுண்டு. அந்த அரபுத்தமிழ் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பெரிதும் வழங்கியது. அரபியில் இல்லாத தமிழொலிகளுக்கு உருதுக்காரர் செய்தது போன்றே புள்ளியும் குறியும் கூட்டி எழுத்தமைத்துக் கொண்டனர். ஏட்டைத் தொலைவிலிருந்து கண்டவர் அரபு என்பார்; அருகிருந்து படித்துக் கேட்டவர் தமிழ் என்பார். கராச்சிக்காரரின் முறையீட்டை நாம் எளிதில் உணர்வதற்கு இதுவே காரணம்.

சட்டகத்துள் ஒரு நபிமொழி

மற்றொரு களம் 'ஃபவேலா'. பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரத்துக் குன்றுச்சேரி. அதிலுள்ள ஒரு வீட்டின் குளியலறைச் சுவரில் ஓவியம் ஒன்று தொங்குகிறது. அதன் சட்டகத்தில் அரபு எழுத்துகள். இறைவனுடைய அழகையும், அழகின்மீது அவனுக்குள்ள நேசத்தையும் கூறும் நபிமொழி அது. விளையாட்டு வெளியாகி மூன்றாண்டு கழிந்த பின், 2012 அக்டோபரில், முஸ்லிம் ஆடுநர்கள் இதனைச் சுட்டிக்காட்டினர். இறைநாமம் பொறித்த மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் செல்லும் ஒழுக்கத்தில் வளர்ந்தவர்க்கு இதன் வருத்தம் விளக்க வேண்டுவதன்று.

நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. தாம் அறியாது நேர்ந்தது என்றது. அக்களத்தையே முதலில் நீக்கி, எழுத்தை அகற்றிய பின் மீண்டும் சேர்த்தது. 'அறியாது நேர்ந்தது' என்பதை நாம் நம்புகிறோம். திரையில் தோன்றும் சுவர், பாய், ஓவியம் யாவும் மேலே ஒட்டப்படும் படங்களே. ஒரு படத்தை ஒருமுறை ஆக்கி வைத்துக்கொண்டால் எந்த அறையிலும் ஒட்டலாம். ஒட்டியவர் அதனைப் படித்திருக்க வேண்டும் என்பதில்லை, அழகாயிருந்தது, ஒட்டினார். அழகைப் பற்றிய சொற்றொடர் அழகு கருதியே அங்குச் சென்றது என்பது விந்தை.

ஆடுவோருள் இது குறித்தும் கருத்து வேறுபாடு இருந்தது. மூன்றாண்டு எவர் கண்ணிலும் படாததைப் பெரிதாக்குவானேன் என்றனர் சிலர். கொலையையே ஆட்டமாக ஆடுவோர் சட்டகத்து எழுத்துக்காக வருந்துவது முரண் அன்றோ என்றனர் வேறு சிலர். இரண்டாம் வினா கூர்மையானது. அதனை நாம் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. ஆட்டத்தில் வீழ்பவன் அடுத்த நொடியில் எழுகிறான். அது பாவனை என்பதை இருவரும் அறிவர். சுவரில் உள்ள சொல்லோ பாவனைச் சொல் அன்று. பள்ளியில் ஓதப்படும் அதே சொல், அதே எழுத்தில் உள்ளது. பாவனைக் களத்தில் உண்மையாக இருந்தது அது ஒன்றே. நம் விடை இவ்வளவுதான். எல்லோரையும் இது நிறைவு செய்யாது என்பதையும் அறிவோம்.

2021 நவம்பரில் இதே வரிசையின் 'வேன்கார்ட்' பதிப்பில் திருக்குர்ஆன் தாள்கள் தரையில் சிதறிக் கிடக்கக் கண்டு ஆடுவோர் மீண்டும் குரலெழுப்பினர். தாள்கள் அகற்றப்பட்டன, அரபியில் மன்னிப்பும் கேட்கப்பட்டது. இடையில், 2013 சனவரியில், பாகிஸ்தானின் வட்டு வணிகர் சங்கம் 'பிளாக் ஆப்ஸ் 2' உள்ளிட்ட இரு விளையாட்டுகளைத் தம் நாட்டை இழிவுபடுத்துவன எனக் கூறி விற்பனையிலிருந்து விலக்கியது. வணிகர் கடையை அடைத்தனர். ஆடுநரோ, இன்ன அறையில் இன்ன சுவரில் இன்ன எழுத்து எனக் காட்டினர். பிழை திருத்துவதற்கு நாம் பின்னதையே துணையாகக் கொள்வோம்.

வகுப்பறையில்

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபின், விடுதி மாணவர் ஒருவரைக் கராச்சிக் களத்தைத் திரையில் காட்டுமாறு கேட்டோம். துப்பாக்கியை ஒருபுறம் தாழ்த்தி நடத்திச் சென்று ஒரு பலகையின் முன் நிறுத்தினார். "படியுங்கள், தம்பி" என்றோம். மக்தபில் பயின்றவர் ஆதலின் எழுத்துக் கூட்டிப் படித்தார். பொருள் கேட்டோம். தெரியவில்லை என்றார். எம்மொழி என்றோம்.

"அரபிதானே ஐயா, முஸ்லிம் ஊர்தானே" என்றார்.

அதனை வரைந்த அமெரிக்கரும் இதையேதான் எண்ணியிருப்பார். நமக்குச் சினம் வரவில்லை. சற்றே வெட்கம் வந்தது. ஓதக் கற்பித்தோம், எழுத்து வேறு, மொழி வேறு என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. நாமும் மூன்று பருவங்களாக அவருக்குத் தமிழ் கற்பிக்கிறோம்.

மறுநாள் கரும்பலகையில் கராச்சியின் பெயரை அந்நகரத்தார் எழுதுமாறு ஒருமுறையும் அரபியர் எழுதுமாறு ஒருமுறையும் எழுதினோம். முன்னதில் ஐந்தெழுத்து, பின்னதில் ஆறு. அம்மாணவர் எழுந்து வந்து இரண்டையும் விரல் வைத்து எண்ணினார். மும்முறை எண்ணினார். பிறகு சுண்ணக்கட்டியை நம்மிடம் கேட்டு வாங்கி, கீழே தமிழிலும் எழுதி, அதையும் எண்ணத் தொடங்கினார்.