எஃப் 22 என்னும் பிரமை

காமிராவை நேற்றுத் தொட்டவர் முதல் கண்காட்சிகளுக்கு நடுவராகச் செல்பவர் வரை, லென்ஸின் துவாரத்தை எவ்வளவுக்குச் சுருக்குகிறோமோ அவ்வளவுக்குப் படம் கூர்மை பெறும், ஆகையால் இயற்கைக் காட்சி என்றால் கண்ணை மூடிக்கொண்டு எஃப் 22 வைத்துவிட வேண்டியதுதான் என்று வேதவாக்கியம் போல் ஓதி வருவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. மறுத்தாலோ, 1932-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்டு வெஸ்டன் முதலானோர் தங்கள் குழுவுக்கு ‘எஃப் 64’ என்றே நாமகரணம் செய்தார்களே, அவர்களைவிட நீர் மேதாவியோ என்கிறார்கள்.

அந்த மகான்கள் கையாண்ட காமிரா எது என்று விசாரிப்பவரைத்தான் காணோம். துவாரம் சுருங்கினால் முன்னும் பின்னும் தெளிவு விரியும் என்பது வாஸ்தவம். ஆனால் சிறு துவாரத்தின் வழியே வரும் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால், புள்ளியாக விழ வேண்டியது வட்டமாக விழுகிறது. இது பௌதிக சாஸ்திர நியதி, எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய லென்ஸும் இதற்கு விலக்கல்ல. பச்சை ஒளியில் அவ்வட்டத்தின் விட்டம் எஃப் 8-க்குச் சுமார் 0.01 மில்லிமீட்டர், எஃப் 22-க்கு 0.03. 35 மி.மீ. ஃபிலிமில் மங்கல் இதற்குமேல் போகலாகாது என்று தெளிவின் ஆழத்தைக் கணக்கிடுகையில் வழக்கமாகக் கொள்ளும் எல்லையும் அதே 0.03 தான்! ஆக, மலையும் மரமும் ஒருசேரத் தெளிய வேண்டும் என்ற பேராசையில், செம்மையாக ஃபோகஸ் செய்த இடத்தையும் சேர்த்தே மங்கடித்துக்கொள்கிறோம். வெஸ்டனுடைய 8-க்கு 10 அங்குல நெகடிவில் எஃப் 64 தரும் வட்டம் 0.09, நெகடிவைக் காகிதத்தின்மேல் வைத்து அதே அளவில் அவர் அச்சிட்டதால் அது கண்ணுக்குப் புலப்படாது. நம்மவரோ எஃப் 22-இல் எடுத்த சிறு நெகடிவை அந்த அளவுக்கு எட்டு மடங்கு பெருக்குவதால், வட்டம் கால் மில்லிமீட்டராகிறது. எண்ணைக் கடன் வாங்கியவர்கள் காமிராவையும் அல்லவா வாங்கியிருக்க வேண்டும்!

அடிவானம் வரை தெளிய எஃப் 22 வேண்டியதில்லை. 28 மி.மீ. லென்ஸில் எஃப் 11 வைத்து, 2.4 மீட்டரில் ஃபோகஸ் செய்து பாருங்கள், 1.2 மீட்டரிலிருந்து அடிவானம் வரை போதிய தெளிவு கிட்டும்.

தெளிவு எப்போதும் ஃபோகஸ் செய்த இடத்துக்கு முன்னே ஒரு பங்கு, பின்னே இரு பங்கு என்பது குறிப்பிட்ட ஒரு தூரத்துக்கு மட்டுமே பொருந்தும்; கிட்டத்துப் பொருளுக்குக் கிட்டத்தட்டச் சரிபாதி. முகப்படமா, எஃப் 1.4 வை என்பதும் அசட்டுத்தனம்; 85 மி.மீ. லென்ஸுடன் ஒன்றரை மீட்டரில் நின்றால் தெளிவது இரண்டரை சென்டிமீட்டர், இமை தெளியும், காது கரைந்துபோகும். எஃப் 4 வைத்தால் ஏழு.

கணக்கு வேண்டாம் என்பவருக்காகவே அந்தக் காலத்து லென்ஸ்களின் குழலில் ஆழத்தைக் காட்டும் கோடுகளைப் பொறித்தார்கள்; இன்றைய தயாரிப்பாளர்களோ சிக்கனம் கருதியோ அலட்சியத்தாலோ பெரும்பாலும் அவற்றைத் துடைத்துவிட்டு, பெட்டிக்குள் தடித்த புத்தகத்தை வைத்து அனுப்புகிறார்கள். இது அக்கிரமம் என்பது என் திடமான அபிப்பிராயம். பழைய கடைகளில் அத்தகைய லென்ஸ் அகப்பட்டால் விடாதீர்கள். கூர்மை குன்றாதிருக்க, துவாரத்தை எஃப் 11-இல் வைத்து, ஆழத்தை மட்டும் எஃப் 8-இன் கோடுகளில் படித்துக்கொள்ளுங்கள்.