‘பணியால் வந்த நோய் அல்ல’ என்று எழுதிவிட்டார்களா?

குண்டடி பட்டு ஊர் திரும்பிய பட்டாளத்துக்காரருக்கு டிஸபிலிட்டி பென்ஷனில் அவ்வளவு தகராறு வராது. காயத்துக்குத் தேதியும் இடமும் இருக்கும். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, வலிப்பு, இதய நோய், மனநோய் என்று வந்தவருக்குத்தான் இழுபறி. வெளியே அனுப்பும்போது கூடும் மெடிக்கல் போர்டு, நோய் ராணுவப் பணியால் வரவுமில்லை, அதனால் முற்றவுமில்லை என்று ஒரு வரி எழுதிவிடும். நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வெள்ளிமலையில் இருந்தாலும் சரி, சின்னசேலத்தில் இருந்தாலும் சரி, அதைத் தீர்ப்பென்று எண்ணி மடித்து வைத்துவிடாதீர்கள். அது ஒரு கருத்து. அதை எதிர்த்துக் கேட்கலாம்.

முதலில் அந்த போர்டின் முழு நகல் கையில் வரவேண்டும். இல்லாவிட்டால் உங்கள் ரெகார்டு ஆபீசுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. சர்வீஸ் நம்பர், ரேங்க், யூனிட், வெளிவந்த தேதி நான்கும் இருக்கட்டும். முகவரியில் ஒரு கவனம்: கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-ல்தான். உங்கள் டிஸ்சார்ஜ் புக்கில் விழுப்புரம் என்றிருக்கும், இன்னும் மூத்தவருக்குத் தென்னாற்காடு. பழையதையும் புதியதையும் சேர்த்தே எழுதுங்கள்.

நகல் வந்ததும் பொறுமையாகப் படியுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் படித்த பிள்ளை யாரையாவது பக்கத்தில் உட்கார வையுங்கள். வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஊன சதவீதம் 20-க்குக் குறையக் கூடாது. நோய் எந்த ஊரில், எந்தத் தேதியில் தொடங்கியதாக எழுதியிருக்கிறார்கள்? மறுத்ததற்குக் காரணம் சொன்னார்களா? ‘அமைதிப் பகுதியில் இருந்தபோது தொடங்கியது’ என்று மட்டும் இருந்தால் அது வலுவில்லாத காரணம். அமைதிப் பகுதியில் வேலை பார்த்தார் என்பதாலேயே பணிச்சுமை இல்லை என்றாகிவிடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஒரு சர்க்கரை நோய் வழக்கில் சொல்லியிருக்கிறது.

அதைவிடப் பெரிய ஆயுதம் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் தந்த தீர்ப்பு. வலிப்பு நோயால் வெளியே அனுப்பப்பட்டவர் அவர். அந்தத் தீர்ப்பின்படி, சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால் ஆரோக்கியமாகவே சேர்ந்தார் என்று கொள்ளவேண்டும். நோய் பணியால் வரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ராணுவத்துக்கு. போர்டு காரணம் எழுதியே ஆகவேண்டும். இதற்காக எல்லா வழக்கும் ஜெயிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். மனநோய் வழக்கொன்றில் 2019-ல் அதே நீதிமன்றம் கைவிரித்திருக்கிறது. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளிவந்தவர்களுக்கு விதிகளே வேறு. வாழ்க்கைமுறை நோய்களுக்கு அவை இறுக்கமானவை.

அடுத்தது முதல் மேல்முறையீடு. மறுப்புக் கடிதம் கிடைத்து ஆறு மாதத்துக்குள், ரெகார்டு ஆபீஸ் வழியாக. ‘ஐயா, கருணை காட்டுங்கள்’ என்று எழுதுவதில் பயனில்லை. எந்த ஆண்டு லே, எந்த ஆண்டு நாகாலாந்து, எந்த ஆண்டு காஷ்மீர், அங்கே என்ன டூட்டி, எப்போது முதலில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். இதய நோய்க்காரர்கள், நெஞ்சுவலி வந்ததற்கு முந்தைய 14 நாட்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டும். போர்டும் அதைத்தான் பார்க்கும். முதல் மேல்முறையீடு தள்ளுபடியானால் இரண்டாம் மேல்முறையீடு, அதற்கும் ஆறு மாதம்.

அதன்பின் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். பல ஆண்டு கடந்துவிட்டதே என்று ஒதுங்க வேண்டாம். பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுவது தொடரும் தவறு என்று தர்செம் சிங் வழக்கில் 2008-ல் தீர்ப்பாகியிருக்கிறது. ஆனால் நிலுவை பொதுவாக மூன்று ஆண்டுக்கு மேல் பின்னோக்கிப் போகாது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பண நஷ்டம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். ‘கிடைப்பதில் பாதி’ பேசும் தரகரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

தொகையையும் சரிபார்க்க வேண்டும். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் ஊனப் பகுதியாக வரும். 50-க்கு அதில் பாதி. 20 முதல் 49 வரை மதிப்பிடப்பட்டதை 50 ஆக உயர்த்தும் விதி, காலம் முடிந்து ஓய்வு பெற்றவருக்கும் பொருந்தும் என்று ராம் அவதார் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய பென்ஷன் ஆணையில் (பிபிஓ) ஊனம் 30 சதவீதம் என்றே கண்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் உங்கள் கணக்கில் விவரம் தெரியும்; மலைமேல் சிக்னல் சண்டித்தனம் செய்தால், கீழே இறங்கும் நாளில் பொதுச் சேவை மையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நம் பக்கம் நடக்கும் குழப்பம் ஒன்று. அரசு மருத்துவமனை போர்டு தரும் மாற்றுத்திறனாளி அட்டை வேறு, இந்த பென்ஷன் வேறு. அரசுச் சலுகைகளுக்குப் பெரும்பாலும் 40 சதவீதம் கேட்பார்கள். அந்த அட்டை இருப்பதால் ராணுவ பென்ஷன் வந்துவிடாது, இல்லாததால் போய்விடவும் செய்யாது. ஆனால் நோய் தொடர்கிறது என்று காட்ட உள்ளூர் மருந்துச் சீட்டுகள் உதவும். எறியாதீர்கள்.

கணவர் இறந்துவிட்டாலும் அவர் உயிரோடிருந்த காலத்துக்கான நிலுவையை மனைவி கோரலாம். அதற்கு டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் பதிவாகியிருப்பதும், அது ஆதாரில் உள்ளபடியே இருப்பதும் முக்கியம். எழுத்து மாறியிருந்தால் அவர் இருக்கும்போதே ரெகார்டு ஆபீசுக்கு எழுதித் திருத்திவிடுங்கள்.