எத்தனாவது பக்கத்தில் நிற்கிறாய்?

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் பாதி அழுகையும் பாதி சிரிப்புமாகச் சொன்னதை உன் அத்தையிடம் சொன்னேன். “மாமன் மாதிரியே மருமக” என்று சொல்லிவிட்டு தோசை சுடப் போய்விட்டாள். அவள் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. அதைப் போனில் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இந்தக் கடிதம்.

ஹாஸ்டலில் சீனியர் அக்கா “இப்ப என்ன படிச்சுக்கிட்டிருக்கே?” என்று கேட்டிருக்கிறாள். நீ ரமணிசந்திரன் கதையைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, அட்டையை மட்டும் பார்த்திருந்த ஒரு தடிமனான நாவலின் பெயரைச் சொல்லியிருக்கிறாய். அவள் அதை ரெண்டு தரம் படித்தவளாகப் போய்விட்டாள். இவ்வளவுதானே?

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டு திரிந்த காலம். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் பழுப்புக் காகிதம் அட்டை போட்ட புத்தகம். “தம்பி என்ன படிக்கீக?” என்றார். நான் படித்தது பரீட்சைக் கைடு. வாயில் வந்ததோ ‘போரும் வாழ்வும்’. டால்ஸ்டாயின் நாவலை டி.எஸ். சொக்கலிங்கம் தமிழில் கொண்டுவந்தாரே, அது. பெயரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. மடியிலிருந்த புத்தகத்தைத் திறந்து காட்டினார். அதேதான், இரண்டாம் பாகம்!

“எதுல நிக்கீக?” என்றார். முழித்தேன். அந்த முழியை அவர் வேறுமாதிரி எடுத்துக்கொண்டார். “பேரு குழப்புதுல்லா? எனக்கும் அப்படித்தான்” என்று, புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்திருந்த ஒரு போஸ்ட் கார்டை உருவினார். இரண்டு பக்கமும் எறும்பு எறும்பாகப் பென்சில் எழுத்து. யார் யாருக்கு மகன், யாருக்கு யார் கொழுந்தியாள் என்று வம்சாவளியே போட்டிருந்தார். ‘நடாஷா, நதாலியா – ஒரே பிள்ளைதான்’ என்று ஓர் இடத்தில் இரட்டைக் கோடு. ருஷ்யாக்காரர்கள் ஒரே ஆளை அப்பா பேர் சேர்த்து ஒரு தரம், குடும்பப் பேர் சொல்லி ஒரு தரம், செல்லப் பேரில் ஒரு தரம் கூப்பிடுவார்களாம். “நம்மூர்ல சுப்பிரமணியனை சுப்புங்கான் ஒருத்தன், மணிங்கான் ஒருத்தன், மேலத்தெரு வாத்தியார் மகன்ங்கான் இன்னொருத்தன். அதுமாதிரிதான்” என்றார். இரண்டு வருஷமாகப் படிக்கிறாராம், இன்னும் முடியவில்லையாம். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

அடுத்த வாரமே நூலகத்தில் முதல் பாகத்தை எடுத்தேன். முதல் வேலையாக ஒரு போஸ்ட் கார்டு வாங்கினேன். அவர் “அற்புதமான நாவல் தம்பி” என்று சொல்லியிருந்தால் நான் எடுத்திருக்கமாட்டேன். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். எங்கே நிற்கிறார், எதில் இடறினார், எப்படி எழுந்தார் என்று அவர் காட்டியதுதான் என்னை உள்ளே இழுத்தது. உன் சீனியர் கேட்டபோது நீ அவளிடம் கொடுக்காமல் விட்டது அதைத்தான். ரமணிசந்திரனில் நீ எந்தப் பக்கத்தில் நிற்கிறாய், அந்தப் பெண் கல்யாணத்துக்குச் சம்மதித்தது உனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். உன் ஆச்சியைப் பார். புத்தகத்துக்கு அடையாளமாக மஞ்சள் தடவிய நூல். அரிசி புடைக்கும்போதே பூக்காரியிடம் கதையைச் சொல்லி, முடிவை மட்டும் நாளைக்கு என்று நிறுத்திவிடுவாள். அந்தப் பூக்காரி மறுநாள் நம் வீட்டுக்குத்தான் முதலில் வருவாள்.

உ.வே. சாமிநாதையரும் ‘என்ன படித்திருக்கிறாய்’ என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டவர்தான். 1880 அக்டோபர் 21, கும்பகோணம். கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது, வயது இருபத்தைந்து. ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அல்லவா, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. சிலப்பதிகாரம், மணிமேகலை? அவையும் இல்லை. ஐயர் அங்கே பொய் சொல்லவில்லை. நூல் கையில் கிடைக்கவில்லை, கிடைத்தால் படித்துவிடுவேன் என்றார். பிறகு முதலியாரிடமிருந்தே சிந்தாமணிப் பிரதி கிடைத்தது. 1887இல் ஐயரின் பதிப்பாக அது அச்சில் வந்தது. உண்மையைச் சொன்னதால்தான் பதிப்பு வந்தது என்று நான் சொல்லமாட்டேன், மாமா அவ்வளவு உபதேசி இல்லை. ஆனால் “ஓ, படித்திருக்கிறேனே” என்று அன்றைக்கு அவர் மழுப்பியிருந்தால் அந்தப் பிரதி அவர் கைக்கு வந்திருக்குமா?

எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்து நடந்தது. சிந்தாமணியில் வரும் சமணச் செய்திகள் ஐயருக்குப் புரியவில்லை. விசாரித்துப் பார்த்தால், அதே கும்பகோணத்தில் சமணர் வீட்டில் சிந்தாமணியை வாசித்துப் பொருள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்! தமிழ்ப் பண்டிதர் கைக்குக் கிடைக்காத காப்பியம், நாலு தெரு தள்ளி அன்றாட வாசிப்பில் இருந்திருக்கிறது. அவர்களிடம் கேட்டுத்தான் பல சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டார். உன் ஹாஸ்டலிலும் எந்த அறையில் எது வாசிக்கப்படுகிறதோ, கேட்காமல் எப்படித் தெரியும்?

கேட்கும்போது மட்டும் முதலியார் மாதிரி கேட்காதே. பெரிய மனிதர்தான், ஆனாலும் அந்த முதல் சந்திப்பு பரீட்சை வைத்த மாதிரிதான் இருக்கிறது. எல்லோரும் சாமிநாதையர் ஆகமாட்டார்கள், பாதிப் பேர் அப்படியே ஓடிப்போவார்கள். பெஞ்சுப் பெரியவர் மாதிரி உன் போஸ்ட் கார்டை முதலில் காட்டு.

இன்னொன்று. எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை, ஒருத்தி போதும். நமக்குப் பக்கத்து இடைசெவலில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒருவருக்கொருவர் அப்படி இருந்தவர்கள். வேலைக்காக அழகிரிசாமி ஊரைவிட்டுப் போனபிறகு பேச்சு கடிதத்தில் தொடர்ந்தது. கி.ரா.வுக்கு அவர் எழுதியவை புத்தகமாகவே வந்திருக்கின்றன. என் அலமாரியில் இரண்டாவது தட்டு. லீவுக்கு வரும்போது எடுத்துக்கொள், திருப்பிக் கொடுக்காவிட்டால் உன் அம்மாவிடம் சொல்லுவேன்.

சீனியரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடு. சிரிப்பாள், சிரிக்கட்டும். அவள் ரெண்டு தரம் படித்த நாவலில் எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தாள் என்று கேள். அந்தப் பக்கத்திலிருந்து நீ ஆரம்பித்தாலும் குற்றமில்லை.

நான் என்ன படிக்கிறேன் என்று நீ கேட்கவேயில்லை. சிந்தாமணிதான், நச்சினார்க்கினியர் உரையோடு. மூன்று வாரமாக முதல் இலம்பகத்தையே தாண்டவில்லை. நூலகத்தில் தவணை முடிந்து மறுபடி முத்திரை குத்தி வாங்கி வந்திருக்கிறேன். அரசி விசயை இன்னும் அந்தப் பறக்கும் மயிற்பொறியில் ஏறவில்லை. ஏறியதும் எழுதுகிறேன்.

அன்புடன்,
மாமா