நெபியோலோவின் துவர்ப்பு

இத்தாலியின் வடமேற்கே, பியமாண்ட் பிரதேசத்தில் ஆல்பா நகரைச் சூழ்ந்துள்ள லாங்கே குன்றுகளில் ஓர் அக்டோபர் மாதத்தைக் கழிக்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. காலையில் நெடுநேரம் வரை பள்ளத்தாக்குகளில் மூடுபனி தேங்கி நிற்க, குன்றின் உச்சியிலிருந்த ஊர்கள் மட்டும் வெயில் காய்ந்த அந்த நாட்களில்தான், வசந்தத்தில் முந்தித் துளிர்த்து மற்ற ரகங்களெல்லாம் பறிபட்ட பிறகே நிதானமாகப் பழுக்கும் சுபாவமுள்ள நெபியோலோ திராட்சையின் அறுவடை நடந்துகொண்டிருந்தது.

இந்தத் திராட்சையிலிருந்து பரோலோ என்னும் ஒயினாகப் போகிற இளம் ரசத்தை நிலவறைப் பீப்பாயிலிருந்து எடுத்துக் கொடுத்தார் தோட்டத்துப் பெரியவர். கிண்ணத்துக்குப் பின்னால் பிடித்த விரல் தெரியும்படி வெளிறியிருந்த சிவப்பைக் கண்டு மெல்லிய ரசம் என்று எண்ணி, வெறும் வயிற்றில் ஒரு மிடறு அருந்தினேன். வாழைப் பிஞ்சைக் கடித்தாற்போல் நாக்கும் ஈறும் இறுகிப் போயின. அபிப்பிராயம் சொல்ல வாயெடுத்த என்னைக் கையமர்த்தி, அவர் உணவு மேஜைக்கு அழைத்துச் சென்றார். முட்டையின் மஞ்சள் கருவை மிகுதியாகச் சேர்த்துப் பிசைந்து, நூலிழையாய் நறுக்கி, வெண்ணெயில் புரட்டிய தாயரின் என்னும் பாஸ்தாவும், ஒயினிலேயே மணிக்கணக்காக வெந்த மாட்டிறைச்சியும் வந்தன. அவற்றை உண்டபின் அதே ஒயினை அருந்தியபோது, எச்சிலைப் பற்றி இறுக்கிய துவர்ப்பு இறைச்சியின் புரதத்தைப் பற்றிக்கொண்டு அடங்கிவிட, ரோஜாவும் தாரும் கலந்ததொரு வாசனை மேலெழுந்தது.

துவர்ப்பை அறுசுவையுள் ஒன்றாக வைத்து எண்ணிய நாம் அதைக் குறையென்று ஒதுக்க வேண்டியதில்லை. அது காலத்தையும் உணவையும் கேட்கிறது, அவ்வளவுதான். பரோலோ என்னும் பெயரைப் பெற 38 மாதங்கள், அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயிலேயே, கிடந்தாக வேண்டும் என்று விதித்திருப்பதன் நியாயமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

புதிதாகப் பழகுவோர் இருபது ரகங்களை ஒரே மூச்சில் ருசி பார்ப்பதைவிட, ஒரே ரகத்தை ஊர் ஊராகத் தொடர்வது உத்தமம் என்பது என் அனுபவம். இதே நெபியோலோ கத்தினாரா பக்கம் ஸ்பான்னா; லொம்பார்தியாவில், ஆல்ப்ஸ் அடிவாரத்து வால்தெல்லினாவில் கியாவென்னாஸ்கா. அங்கே அத்தா நதிக்கு மேலே, தெற்கு நோக்கிய செங்குத்துச் சரிவுகளில் கல்லடுக்கிக் கட்டிய படித்தளங்களில் கொடிகள் நிற்கின்றன. கையால்தான் பறிக்க வேண்டும். பரோலோவின் கம்பீரம் அந்த மலை ஒயினுக்கு இல்லை. ஆனால் மலைக்காற்றின் தெளிவு உண்டு, எனக்கு அதுவே பிரியம்.

அப்படி ஒரு ரகத்தில் பழகியபின், ஒயின் பட்டியலில் அறியாத பெயர் தென்பட்டால் தயங்காமல் அதையே கேளுங்கள். பியமாண்டிலேயே தொர்தோனா குன்றுகளில் ஏறக்குறைய மறைந்துபோயிருந்த திமொராஸோ என்னும் வெள்ளை ரகத்தை 1980களில் வால்தெர் மாஸா என்னும் ஒயின் தயாரிப்பாளர் மீட்டெடுத்திராவிடில், நான் அதை ருசித்திருக்கவே முடியாது. அதை மட்டும் வாங்கிய ஆண்டே திறந்துவிடாதீர்கள். நாலைந்து வருஷம் இருட்டில் கிடத்தி வையுங்கள், தேனின் மணம் தானாக வரும்.