கரன்ட் போறதுக்கு முன்னாடியே சொல்லிடு! ஊரிலிருந்து வேலை பார்க்கிறவங்களுக்கு அக்கா டிப்ஸ்

2020 மார்ச் ஊரடங்கு சமயத்துல லேப்டாப் பையோட கும்பகோணம், மன்னார்குடி, பாபநாசம்னு ஊர் வந்து சேர்ந்தவங்க எத்தனையோ பேர். அதுல சிலர் இன்னும் இங்கேயிருந்துதான் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் வேலை பார்க்கிறாங்க. தஞ்சாவூர்லயே 2024 செப்டம்பர்ல மினி டைடல் பார்க் வந்தாச்சு. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே, கொல்லுமாங்குடியில டெசிக்ரூ கம்பெனி நம்ம பக்கத்துப் பிள்ளைகளை வெச்சு கம்ப்யூட்டர் வேலை நடத்திக் காட்டுச்சு. அதனால "ஊர்ல உட்கார்ந்துகிட்டு டீமோட ஒட்டி வேலை பார்க்க முடியலைக்கா"ன்னு என்கிட்ட வராதே. முடியும். நேரம் இருக்காது உனக்கு, தெரியும். முக்கியமானதை மட்டும் சொல்றேன், கேளு.

1. ஷட்டவுனை மறைக்காதே.

மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலையில 9 மணிக்கு நிறுத்தினா மதியம் வரைக்கும் வராது. சில நாள் சாயங்காலமே ஆயிடும். எந்த ஊர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும்னு முந்தின நாளே பேப்பர்ல வந்துடுது. பார்த்த உடனே டீம் காலண்டர்ல போடு. கரன்ட் போனதுக்கப்புறம் "சாரி, பவர் கட்"னு மெசேஜ் போட்டா அது தகவல் இல்லை, சாக்கு. அதுக்குள்ள உனக்காக நாலு பேர் காத்துக்கிட்டிருப்பாங்க.

பெரிய இன்வெர்ட்டர் வாங்கக் காசு இல்லையா? ரவுட்டருக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் வாங்கிக்கோ. லேப்டாப்புக்குத்தான் பேட்டரி இருக்கே. போன்ல வேற கம்பெனி சிம் ஒண்ணு இருக்கட்டும்.

ஐப்பசி மழை தொடங்கறதுக்கு முன்னாடி இன்னொரு வேலை இருக்கு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தப்போ வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் எத்தனை நாள் இருட்டுல கிடந்தோம்னு மறந்துட்டியா? உன் லேப்டாப்புல மட்டும் கிடக்கிற ஃபைல் எல்லாத்தையும் பொது டிரைவுக்கு ஏத்து. நீ ஒரு வாரம் காணாமப் போனா யார் எதைப் பார்த்துக்கணும்னு ரெண்டு பேர் பேரை எழுதி வை. புயல் எச்சரிக்கை வந்தப்புறம் செய்யலாம்னு விடாதே. அப்போ நீ மெழுகுவத்தி வாங்க ஓடிக்கிட்டிருப்பே.

2. முறைத் தண்ணி மாதிரி வேலையைக் கைமாத்து.

மேட்டூர்ல தண்ணி குறைஞ்சா டெல்டாவுல முறை வெச்சுத்தான் பாசனம். தன் முறை முடிஞ்சதும் மடையை அடைச்சு, அடுத்தவனுக்குச் சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். சொல்லாமப் போனா கடைமடை காயும். நீயும் லேப்டாப்பை மூடறதுக்கு முன்னாடி மூணே வரி எழுது. முடிஞ்சது எது, பாதியில நிக்கிறது எது, அது நகர யார் பதில் சொல்லணும். அவ்வளவுதான். நீ தூங்கற நேரத்துலதான் நியூ ஜெர்சிக்காரன் வேலையைத் தொடர்றான். அந்த மூணு வரி இல்லைன்னா அவன் உன்னை எழுப்பணும், இல்லைன்னா ஒரு பகல் முழுக்க சும்மா உட்காரணும்.

3. "பார்க்கிறேன்"னு பதில் போடாதே.

நம்ம ஊர்ல பொண்ணு பார்த்துட்டுப் போனவங்ககூட "சொல்லி அனுப்பறோம்"னுதான் போவாங்க. அது சம்மதமா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? "வியாழக்கிழமை மதியம் 3 மணிக்குள்ள நான் தர்றேன்"னு போடு. முடியாதுன்னா முடியாதுன்னு இன்னைக்கே சொல்லு. "இன்னைக்குள்ள"ங்கறதும் வேண்டாம். யாரோட இன்னைக்கு?

மணிக்கணக்குல இன்னொரு பொறி இருக்கு. அமெரிக்காவுல மார்ச் ரெண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாத்துவாங்க. நியூயார்க் காலை 9 மணி மீட்டிங், கோடையில நமக்கு மாலை 6.30. நவம்பருக்கப்புறம் அதே மீட்டிங் 7.30. லண்டன்காரங்க மாத்தறது மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு. நாலு தேதியையும் இப்பவே காலண்டர்ல குறிச்சுடு.

4. வெறும் "ஹாய்" அனுப்பிட்டு உட்காராதே. கேள்வியையும் சேர்த்தே அனுப்பு.

5. உள்ளூர் விடுமுறையை வருஷ ஆரம்பத்துலயே சொல்லிடு.

ஐப்பசி சதய விழாவுக்கு தஞ்சாவூர்ல லீவு விடறது சென்னை ஆபீசுக்குத் தெரியாது. ஆழித்தேர், நாகூர் கந்தூரி, 2028 மகாமகம் எதுவுமே பெங்களூரு மேனேஜர் காலண்டர்ல இருக்காது. நீ சொன்னாதான் உண்டு. தை மாசம் சம்பா அறுவடை வந்தா இன்னும் கவனம். கொள்முதல் நிலையத்துல நெல் மூட்டையோட வரிசையில நின்னுக்கிட்டே, மியூட்ல மீட்டிங் கேக்கிற பிள்ளைகளை நான் பார்க்கத்தான் செய்யறேன். நெல்லையும் பார்க்க முடியாது, பேச்சும் காதுல ஏறாது. அரை நாள் லீவு போடு கண்ணு. வருஷம் பூரா உழைச்ச வயல் அது, அதுக்கு நீ அரை நாள் கொடுக்கலாம்.

6. டீம் லீடருங்களே, இது உங்களுக்கு.

சென்னையில நாலு பேர் ஒரே ரூம்ல, ரெண்டு பேர் மட்டும் ஊரிலிருந்து லைன்ல. இதுதான் எல்லாத்தையும் கெடுக்கிற மீட்டிங். ரூம்ல சிரிக்கிறாங்க, ஏன்னு ஊர்ல இருக்கிறவளுக்குப் புரியாது. அப்புறம் டீக்கடையில முடிவெடுப்பாங்க, அது அவளுக்கு மூணு நாள் கழிச்சுத் தெரியும். ஒருத்தர் வெளியில இருந்தாலும் எல்லாரும் அவங்கவங்க லேப்டாப்புல ஹெட்செட் மாட்டிப் பேசுங்க. டீக்கடையில பேசினதை ரெண்டு வரியா சேனல்ல எழுதுங்க. எழுதாத முடிவு முடிவே இல்லைன்னு வெச்சுக்கோங்க.

லைன் இழுத்தா வீடியோவை அணைச்சுட்டு ஆடியோவுல பேசச் சொல்லுங்க. "முகத்தைக் காட்டு"ன்னு அதட்டாதீங்க. தப்பு கண்டுபிடிச்சா க்ரூப்ல போடாதீங்க, தனியா போன் பண்ணுங்க. எழுத்துல குரல் தெரியாது. நீங்க சாதாரணமா சொன்னது அங்கே அடியா விழும்.

7. வேலைப் பேச்சை வாட்ஸ்அப்புல வெச்சுக்காதே.

குட்மார்னிங் படத்துக்கு நடுவுல எந்த முடிவையும் தேட முடியாது. ஸ்லாக்கோ, டீம்ஸோ, க்ளிக்கோ, ஏதாவது ஒண்ணுல நில்லு.

8. புதுசா சேர்ந்த பிள்ளையைத் தனியா விடாதே.

காலேஜ் முடிச்சு நேரா வீட்டு ரூம்லயிருந்தே வேலையில சேர்றவங்களுக்கு, பக்கத்து சீட்டுன்னா என்னன்னே தெரியாது. கேட்டா முட்டாள்னு நினைப்பாங்களோன்னு பயந்து ரெண்டு நாள் ஒரே இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கும். முதல் மாசம் தினம் காலையில பத்து நிமிஷம் நீயே கூப்பிடு. "டவுட் இருக்கா?"ன்னு கேக்காதே, இல்லைன்னுதான் சொல்லும். "நேத்து எங்கே நின்னே? ஸ்கிரீனைக் காட்டு"ன்னு கேளு.